முச்சந்தியில் இரண்டு சதுரம்

அக்டோபர் 3

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, இன்று காலை 9.20 மணிக்கு, கடையில் என் நாற்காலியைத் திருப்பிப் போடுவது என்று தீர்மானித்தேன். இதுவரை அது மருந்து அலமாரியைப் பார்த்திருந்தது. இனி தென்காசிச் சாலையைப் பார்க்கும். ஆலோசனையில் கலந்துகொண்டவன் நான் ஒருவன் மட்டுமே என்பதால் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிற்காலத்தில் யாராவது இந்த ஊரின் வரலாற்றை எழுதப் புகுந்தால் ஆதாரத்துக்கு அலையக் கூடாது என்று இந்த டைரியையும் இன்றே எடுத்தேன். மருந்துக் கம்பெனி கொடுத்தது. ஜனவரி 22 வரை ஆர்டர் விவரம் எழுதியிருக்கிறேன். பிறகு எல்லாம் வெள்ளைத்தாள்.

ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் மாசானம் தலைவலி மாத்திரைக்கு வந்தவர், வாசலிலேயே நின்றுவிட்டார்.

“என்ன அண்ணாச்சி, சேரு திரும்பிட்டு? வாஸ்து பாத்தியளோ?”

“வெளிச்சத்துக்கு.”

“சீட்டு படிக்கவா? டாக்டர் எழுதுனத சூரியன் எறங்கி வந்தாலும் படிக்க முடியாதுல்லா.”

உண்மைக் காரணம் வேறு. கடைக்கு எதிரே பெண்கள் மேல்நிலைப் பள்ளி. ஆயிரத்து நூறு பிள்ளைகள். என் மனைவி உலகம்மாள் அங்கே அறிவியல் ஆசிரியை. எங்கள் வீடு கடைக்குப் பின்னால். நடுவில் இந்தச் சாலை. ஜனவரி 23 அன்று மாலை 4.40க்கு ஒரு பால் வேன் அவளுடைய இடது தொடை எலும்பை உடைத்தது. உள்ளே கம்பி வைத்திருக்கிறார்கள். ஜூலையிலிருந்து கைத்தடியோடு மறுபடி வேலைக்குப் போகிறாள். இங்கே ஒரு சிக்னல் வேண்டும் என்று நான்கு மனு கொடுத்தேன். நான்காவதற்குப் பதில் வந்துவிட்டது. நாளொன்றுக்கு எட்டாயிரம் வண்டி, தொடர்ந்து முப்பது நாள், பழுதில்லாத கணக்கு இருந்தால் சிக்னல் பரிசீலிக்கப்படும். கணக்கைச் சாலைக்குள் புதைத்த சென்சார்தான் எடுக்க வேண்டும். மனிதர்கள் எண்ணினால் அதில் அபிப்பிராயம் கலந்துவிடுமாம்.

அபிப்பிராயம் கலக்காமல் எண்ணிப் பழகத்தான் நாற்காலியைத் திருப்பினேன்.

அக்டோபர் 7

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. உலகம்மாள் சாலையைக் கடக்கக் காலையில் இரண்டு நிமிடம் பத்து வினாடி. மாலையில் மூன்று நிமிடம். நின்று காத்திருப்பதையும் சேர்த்து. நான் எழுந்து வாசலுக்கு வந்தால் எதிர்ப்புறத்திலிருந்து தடியை உயர்த்திக் காட்டுகிறாள். உட்காருங்கள் என்று பொருள்.

உட்கார்ந்தேன்.

அக்டோபர் 8

சென்சார் வந்துவிட்டது. சாலை அலுவலகத்தின் உதவிப் பொறியாளர் பெனிட்டா என்பவர் தலைமையில் ஆறு பேர். தாரைக் கத்தி போல அறுக்கும் இயந்திரத்தால், போகிற பக்கம் ஒன்று, வருகிற பக்கம் ஒன்று என இரண்டு சதுரம் அறுத்தார்கள். பிளவுக்குள் கம்பியைச் சுற்றிப் பதித்து, மேலே கறுப்புப் பசை ஊற்றி மூடினார்கள். கம்பியின் மறுமுனை என் கடையோரம் நட்ட கம்பத்தில் ஒரு சாம்பல் பெட்டிக்குள் போகிறது.

பெனிட்டாவுக்கு இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறார். அரசாங்கத்தில் எத்தனை நாள் நீடிப்பாரோ தெரியவில்லை.

“மேல வண்டி போனா உள்ள இருக்க கம்பி அந்த இரும்பை உணரும் சார். ஒரு வண்டிக்கு ஒரு எண்ணு.”

“ஆள் நடந்து போனா?”

“ஆளை அதுக்குத் தெரியாது சார்.”

இதில் எனக்கு வியப்பில்லை. இந்தச் சாலையில் ஓடும் எதற்கும் ஆளைத் தெரிவதில்லை.

அவர் ஜீப்பில் ஏறிப் போன பிறகு மேஸ்திரி தன் கடமையைச் செய்தார். ஒவ்வொரு சதுரத்தின் நான்கு மூலையிலும் எலுமிச்சையை அறுத்துக் குங்குமம் தடவி வைத்தார். நடுவில் சூடம் ஏற்றிப் பூசணிக்காயை உடைத்தார். “மிஷினு நல்லபடியா ஓடணும்லா அண்ணாச்சி” என்றார். ஆக இரண்டு சதுரம், எட்டு எலுமிச்சை, இரண்டு பூசணி. நானும் திருநீறு பூசிக்கொண்டேன். அந்த நேரத்தில் எனக்கு அதில் எந்தத் தவறும் தோன்றவில்லை என்பதை நேர்மையாகப் பதிவுசெய்கிறேன்.

அக்டோபர் 10

காலை பத்திலிருந்து பதினொன்று வரை எண்ணினேன். இருசக்கர வாகனம் 412. அவற்றில் சதுரத்தின் மேல் போனவை 19. அந்தப் பத்தொன்பதில் பதினான்கு வெளியூர் எண்.

வெளியூர்க்காரர்கள் இந்த டைரியைப் படிக்க நேர்ந்தால் விளங்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வீட்டைப் பிடித்த பீடையைக் கழித்து முச்சந்தியில் கொண்டுவந்து போடுவார்கள். எலுமிச்சை, குங்குமம், பூசணி. கழிப்பு என்று பெயர். அதை யார் மிதிக்கிறாரோ அவருக்குப் பீடை போய்ச் சேரும். ஆகவே யாரும் மிதிப்பதில்லை. இதெல்லாம் பொய் என்று மேடையில் பேசுபவர்களும் இறங்கி வண்டியில் ஏறியதும் மிதிப்பதில்லை. இப்போது முச்சந்தியில், அளவெடுத்து அறுத்த இரண்டு சதுரம், மூலைக்கொரு எலுமிச்சையோடு, அரசாங்கச் செலவில்.

பேருந்துகளுக்கு மட்டும் விலக இடமில்லை. ஓட்டுநர்கள் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கடக்கிறார்கள்.

வேடிக்கை இல்லாத ஒரு விஷயமும் உண்டு. விலகும் வண்டிகள் சாலையின் ஓரத்துக்கு வருகின்றன. ஓரத்தில்தான் பிள்ளைகள் நிற்கிறார்கள். இன்று மாலை உலகம்மாள் வழக்கமான இடத்திலிருந்து இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். மூன்று நிமிடம் ஐம்பது வினாடி.

அக்டோபர் 11

ஆயுத பூஜை. எலுமிச்சை நசுங்கி ஓரளவு சுத்தமாகியிருந்த சதுரங்களுக்கு ஆட்டோ ஸ்டாண்டு சார்பில் புதிதாக இரண்டு பெரிய பூசணி. நான் ஓடிப்போவதற்குள் உடைத்துவிட்டார்கள்.

“மாசானம், என்னய்யா இது? ரோட்டுல போயி?”

“அண்ணாச்சி, அதுவும் மிஷின்தான? ஊருல இருக்க எல்லா மிஷினுக்கும் பொட்டு வச்சாச்சு. அது மட்டும் ரோட்டுக்குள்ள கெடக்குதுன்னு விட்டுரலாமா? பாவம்லா.”

ஆட்டோக்கள் மாலை போட்டுக்கொண்டு வரிசையாகப் புறப்பட்டன. பதினேழு ஆட்டோவும் சதுரத்தைச் சுற்றி அழகாக விலகிப் போயின.

அக்டோபர் 14

பெனிட்டா மடிக்கணினியோடு வந்து பெட்டியைத் திறந்தார். நாளொன்றுக்குச் சராசரி 1,340 வண்டி.

“இது ரொம்ப அமைதியான ரோடு போல சார்” என்றார். அதே நேரம் எங்களைக் கடந்து போன லாரியின் ஹாரனில் அடுத்த வாக்கியம் கேட்கவில்லை.

நாற்காலியில் உட்கார வைத்து, பத்து நிமிடம் பார்க்கச் சொன்னேன். பார்த்தார். வண்டிகள் ஒவ்வொன்றாகச் சதுரத்தின் முன்னால் வந்து தயங்கி வளைந்து போயின. அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது.

“யாரு சார் இதுல பூசணிக்கா உடைச்சது?”

“உங்க மேஸ்திரிதான்.”

“இதை நான் எப்படி சார் ரிப்போர்ட்ல எழுதுவேன்?”

“எழுதக் கட்டம் இருக்கா?”

“இல்ல.”

“அப்ப கஷ்டம் இல்ல.”

அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் பார்ப்போம் என்றும், வண்டிகள் சதுரத்தின் மேல் போகத் தொடங்கினால் அன்றிலிருந்து முப்பது நாளைப் புதிதாக எண்ணிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். நல்ல பெண். வண்டிகளைப் போக வைப்பது என் வேலை என்று ஏற்றுக்கொண்டேன். ஒப்பந்தம் எதுவும் எழுதிக்கொள்ளவில்லை.

அக்டோபர் 15

விடியற்காலை ஐந்தரைக்கு வாளி, துடைப்பம், ஒரு கிலோ பிளீச்சிங் பவுடர். குங்குமக் கறை போகும்வரை தேய்த்தேன். போய்விட்டது. வெயில் ஏறியதும் இரண்டு சதுரமும் பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தன.

நேற்றுவரை மிதித்த பத்தொன்பது பேரும் இன்று விலகுகிறார்கள். திருநீறு போட்டுக் கட்டியிருக்கிறது என்று ஊரில் பேச்சு.

அக்டோபர் 17

சொல்லிக்கொண்டிருப்பதைவிடச் செய்து காட்டுவது மேல் என்று முடிவுசெய்து, காலை ஆறரைக்கு, போக்குவரத்து குறைவாக இருக்கும்போது, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு ஒவ்வொரு சதுரத்திலும் ஐந்து நிமிடம் நின்றேன். பேருந்து நிறுத்தத்தில் இருந்தவர்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை. கடைக்கு வந்து வழக்கம்போல வியாபாரத்தைத் தொடங்கினேன்.

மூன்று வாடிக்கையாளர்கள் மருந்தை என் கையிலிருந்து வாங்காமல் மேசைமேல் வைக்கச் சொல்லி எடுத்துக்கொண்டார்கள்.

அக்டோபர் 19

காலை ஆறிலிருந்து ஏழு வரை என் மொபெட்டில் சதுரத்தின் மேல் போய்ப் போய்த் திரும்பினேன். நாற்பது சுற்று. ஒருவர் பயப்படாமல் போனால் மற்றவர்கள் பின்தொடர்வார்கள் என்பது எண்ணம். ஒருவரும் பின்தொடரவில்லை. ஒரு நாய் மட்டும் ஏழு சுற்று வந்தது.

வீட்டுக்குள் நுழையும்போது உலகம்மாள் இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நாப்பது தடவ போனியளாம்ல?”

“யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. அந்தப் பெட்டி அத நாப்பது வண்டின்னு எழுதியிருக்கும். நீங்க ஒருத்தரு நாப்பது ஆளா?”

“ஆளுங்களுக்குப் பயம் தெளியட்டும்னுதான்.”

“கள்ளக் கணக்குல வர்ற சிக்னல் எனக்கு வேண்டாம். பிள்ளைகளுக்கு நாங்க சோதனையில நேர்மை வேணும்னு பாடம் எடுத்துட்டு இருக்கோம். நீங்க ரோட்டுல காப்பியடிக்கிய.”

அந்த நாற்பதையும் கழித்துக்கொள்ளும்படி பெனிட்டாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். “சரி சார்” என்று பதில் வந்தது. பிறகு, “நாய்?” என்று இன்னொன்று. அவருக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அக்டோபர் 23

மழை.

அக்டோபர் 24

மழை. சாலையின் இரு ஓரமும் குளம். எவ்வளவு ஆழம் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் மேடாக, நீர் தேங்காமல் இருப்பவை இரண்டே இடங்கள்: புதிதாகப் பசை பூசிய அந்தச் சதுரங்கள்.

காலை 8.10க்கு முதல் ஆள் மிதித்தார். பைக்கில் வந்த பழக்கடைக்காரர். தண்ணீரைப் பார்த்தார், சதுரத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், போய்விட்டார். அவர் பின்னால் ஒன்பது பேர். பத்து மணிக்கு மாசானமே போனார். போகும்போது என் பக்கம் திரும்பவில்லை.

ஊரின் நம்பிக்கை முழங்கால் ஆழம் வரை தாங்கியது. அதற்குமேல் கார்புரேட்டர் தாங்காது.

அக்டோபர் 31

தீபாவளி. தீக்காயக் களிம்பு அதிகம் போனது. பழக்கடைக்காரருக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்பதை ஊர் கூர்ந்து கவனித்துவருகிறது.

நவம்பர் 4

முப்பது நாள் கணக்கு இன்று முதல் புதிதாக. மழை விட்ட பிறகும் வண்டிகள் சதுரத்தின் மேலேயே போகின்றன. பழகிவிட்டது.

நவம்பர் 6

9,212. இன்னும் இருபத்தேழு நாள் இப்படியே போனால் போதும்.

நவம்பர் 8

விலகிப் போனபோது இந்த வண்டிகள் வேகத்தைக் குறைத்தன. இப்போது குறைப்பதில்லை.

மாலை 4.25க்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் புத்தகப்பை ஒரு பைக்கின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. இழுபட்டு விழுந்தாள். இரண்டு முட்டியிலும் தோல் போனது. பைக் நிற்கவில்லை. கடையில் உட்கார வைத்து மருந்து போட்டேன். அழவில்லை. “எங்க டீச்சர் எங்க கூட வர்றப்பவும் இப்படித்தான் அங்கிள் வருதாங்க” என்றாள். எந்த டீச்சர் என்று நான் கேட்கவில்லை.

உலகம்மாளுக்கு இன்று நான்கு நிமிடம் நாற்பது வினாடி. மூன்று முறை இறங்கி மூன்று முறை பின்வாங்கினாள்.

ஜனவரி 23 பற்றி முன்பு எழுதியதில் ஒரு விவரம் விட்டுப்போயிற்று. ஆதாரம் என்றால் முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் சேர்க்கிறேன்.

பதினெட்டு வருடமாக 4.40க்கு நான் கடை வாசலுக்கு வருவேன். அவள் எதிர்ப்புறம் நிற்பாள். நான் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு “வா” என்று கை காட்டுவேன். அவள் வருவாள். அன்று ஒருவர் இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எந்தக் கம்பெனி என்பதில் அவருக்குச் சந்தேகம். நான் ஒரு பக்கம் பார்த்தேன். கை காட்டினேன்.

காவல் நிலையத்தில், வேன் வந்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை என்றேன். அது முழு உண்மை. எழுதி எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கினார்கள்.

அதன்பின் எட்டு மாதத்தில் மருந்து அலமாரியின் எந்தத் தட்டில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று மனப்பாடமாகிவிட்டது.

நவம்பர் 11

4.40க்கு உலகம்மாள் எதிரே வந்து நின்றாள். தடியை உயர்த்தினாள். நான் உட்காரவில்லை. இறங்கிச் சாலையின் நடுவுக்குப் போனேன். ஒரு பக்கம் பார்த்தேன். மறுபக்கம் பார்த்தேன். மறுபடி முதல் பக்கம் பார்த்தேன். பிறகு கையை உயர்த்தினேன்.

தென்காசிப் பேருந்து நின்றது. அதன் பின்னால் எல்லாம் நின்றன. எதிர்ப்பக்கம் ஒரு மணல் லாரி நின்றது.

ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். “என்ன அண்ணாச்சி, மெடிக்கல பூட்டிட்டுப் போலீசுல சேந்துட்டியளா?”

“ரெண்டு நிமிஷம் தம்பி.”

“டைம் கீப்பர் எனக்கு மெமோ குடுப்பான். நீங்கதான் வந்து சொல்லணும்.”

“சொல்லுதேன்.”

பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. பிறகு கூட்டமாக ஓடிவந்தார்கள். உலகம்மாள் கடைசியாக வந்தாள், அவசரப்படாமல், லாரியின் எண் பலகையைப் படித்துக்கொண்டு. என் பக்கத்தில் வந்ததும் நின்றாள். நடுச்சாலையில், பேருந்தில் அறுபது பேர் பார்த்திருக்க, நின்றாள்.

“எதுக்கு இப்பம் இது?”

“நடந்துக்கிட்டே பேசு உலகு.”

“அன்னைக்கு நீங்க கை காட்டினதாலதான் நான் வந்தேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கிய. பத்து மாசமா நீங்க பேசாம இருக்கிறதப் பாத்தா தெரியாதா? நான் உங்க கையவே பாக்கல. பருப்ப ஊறப்போடாம வந்துட்டமேன்னு யோசன. நானா எறங்கினேன். பெரிய டிராபிக் போலீசு!”

“சரி. நட.”

“சரின்னா?”

பேருந்து ஹாரன் அடித்தது. அவள் ஓட்டுநரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் இந்தப் பள்ளியில் படித்த யாரையோ கட்டியிருக்க வேண்டும். ஹாரன் உடனே நின்றது.

இரண்டு நிமிடம் ஐந்து வினாடி. அவள் சொன்னது உண்மையா என்று தெரியவில்லை. அன்று காலையில் பருப்பு ஊறிக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு நினைவு.

நவம்பர் 12

காலை 8.45, மாலை 4.40. நின்றேன். நின்றன.

நவம்பர் 13

நின்றேன். பால் வேன் ஒன்று தயங்கியது. அதன் கண்ணாடிக்கு நேராகப் போய் நின்றேன். அதுவும் நின்றது. வேறு வேன்தான்.

நவம்பர் 15

மாசானம் எங்கிருந்தோ ஒரு விசில் கொண்டுவந்து கொடுத்தார். வேண்டாம் என்றேன். ஊதத் தெரியாது என்று நினைத்து ஊதிக் காட்டினார். நான்கு பேருந்துகள் நின்றுவிட்டன.

நவம்பர் 18

பெனிட்டா வந்தார். பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

“எண்ணிக்கை எல்லாம் அருமையா இருக்கு சார். ஒன்பதாயிரத்துக்குக் கீழ எறங்கல. ஆனா பதினொண்ணாந்தேதில இருந்து தினமும் பழுதுன்னு காட்டுது. சாயங்காலம் நாலு நாப்பதுக்கு ரெண்டு நிமிஷம். மறுநாள்ல இருந்து காலையில எட்டே முக்காலுக்கும் ரெண்டு நிமிஷம். லீவு நாள்ல கெடையாது.”

“பழுதுன்னா?”

“வண்டி கம்பிக்கு மேல போயிட்டா எண்ணும். மேலயே நின்னுக்கிட்டு இருந்தா கம்பி கெட்டுப் போச்சுன்னு எழுதிரும். இந்தக் கம்பி எப்படி சார் கரெக்டா பள்ளிக்கூட நேரத்துல கெட்டுப் போவுது?”

தேநீர் வாங்கிக் கொடுத்தேன். மணி 4.35. உட்காரச் சொல்லிவிட்டு இறங்கிப் போனேன். திரும்பி வந்தபோது அவர் தேநீரைக் குடிக்காமல் வைத்திருந்தார்.

“நீங்கதானா சார் அது.”

“நான்தான்.”

“முப்பது நாளும் பழுதில்லாம இருக்கணும். அதுதான் விதி. இதுவரைக்கும் உள்ளத எப்படியாவது பேசிப் பாக்குதேன். மிச்சம் பதினஞ்சு நாள். நீங்க கைய எறக்கினாத்தான் சிக்னல் வரும்.”

“கையை இறக்கினா அவங்க எப்படி வருவாங்க?”

அவர் எதிர்ப்புறம் பார்த்தார். அங்கே இன்னும் சில பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். “ஆள் நிறுத்துறாங்கன்னு எழுதக் கட்டம் இல்ல சார்” என்றார். பிறகு ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

நவம்பர் 19

வண்டிகளைச் சதுரத்துக்குப் பத்து மீட்டர் முன்பே நிறுத்தினால் சதுரம் காலியாக இருக்கும் என்று கண்டுபிடித்தேன். இதற்கு மேல் எளிமையான தீர்வு இருக்க முடியாது. ஒரு பக்கம் மாசானம், மறுபக்கம் நான்.

பேருந்து பத்து மீட்டர் முன்பே நின்றது. ஆனால் நிற்கும் பேருந்துக்கு முன்னால் காலியாகக் கிடக்கும் தார், நம் நாட்டில் இருசக்கர வாகனங்களுக்குச் சொந்தம். இரண்டு ஓரத்திலும் நுழைந்து வந்து, மொத்தம் முப்பத்தொரு வண்டி, இரண்டு சதுரத்தின் மேலும் இடைவெளி இல்லாமல் நின்றன. சென்ற மாதம் அதன் மேல் சக்கரம் பட்டால் குலநாசம் என்றவர்கள். ஒருவர் காலை ஊன்றி அங்கேயே செல்போன் பேசினார்.

“பீடையெல்லாம் போயிட்டு அண்ணாச்சி” என்றார் மாசானம். “இனி இவனுவள எந்தப் பூசணிய வச்சும் வெரட்ட முடியாது.”

நவம்பர் 20

விடிந்ததும் உலகம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினைந்து நாள் விடுப்பு எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

“இருந்த லீவெல்லாம் கால் தின்னுட்டு. நான் மட்டும் வீட்டுல இருந்துக்கலாம். மத்த ஆயிரத்து நூறு பேருக்கும் யாரு லீவு லெட்டர் குடுப்பா?” என்றாள். பிறகு, “ஒரு நாள் கைய எறக்கிப் பாருங்க. முடியுதான்னு பாப்பம்” என்றாள்.

8.45க்குக் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். முடிந்தது. மாலையில் ஐந்து நிமிடம் இருபது வினாடி. நான்காவது முறை இறங்கியபோது ஒரு கார் தடியின் நுனியைத் தட்டிக்கொண்டு போனது. தடி சுழன்று வாய்க்காலில் விழுந்தது. அவள் சாலையின் நடுவில், எதையும் பிடிக்காமல், ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு நின்றாள். பிள்ளைகள் இருவர் இரண்டு பக்கமும் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

பெட்டியில் இன்று பழுது இல்லை.

நவம்பர் 21

காலை 8.45. நின்றேன். மாலை 4.40. நின்றேன். பெனிட்டாவுக்கு, இனி எல்லாப் பள்ளி நாளும் நிற்பேன் என்று குறுஞ்செய்தி அனுப்பினேன்.

இரண்டு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “குடை பிடிச்சுக்கோங்க சார். நாளைக்கு மழை.”

நவம்பர் 22

மழை. ஒரு கையில் குடை. ஒரு கை போதுமானதாக இருக்கிறது.

நவம்பர் 27

தென்காசிப் பேருந்து இப்போது நான் இறங்குவதற்கு முன்பே நின்றுவிடுகிறது. ஓட்டுநர் அந்த இரண்டு நிமிடத்தில் வெற்றிலை போடுகிறார். டைம் கீப்பரிடம் போய்ச் சொன்னேன். அவர் மகளும் இந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. மெமோ கிடையாது.

டிசம்பர் 3

முப்பது நாள் முடிந்தது. பெனிட்டா வந்து கணக்கை எடுத்துக்கொண்டார். போகும்போது உலகம்மாளைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று காத்திருந்து, 4.40க்கு என்னோடு சாலைக்கு வந்தார். மறுபக்கம் அவர் கை காட்டினார். மணல் லாரி அவருக்காக இன்னும் கொஞ்சம் சீக்கிரம் நின்றது.

“யாரு இந்தப் பிள்ள?” என்றாள் உலகம்மாள்.

“கணக்கு எடுக்கவங்க.”

“சாப்பிட்டியாம்மா?” என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மூன்று தோசை சாப்பிட்டார். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவார் என்று நாங்கள் கேட்கவில்லை. அவராகவே, “உள்ளதத்தான் எழுதணும் அக்கா” என்றார். உலகம்மாள் இன்னொரு தோசை வைத்தாள்.

டிசம்பர் 10

நின்றேன். நின்றன. ஒரு நிமிடம் ஐம்பது. மருத்துவர், அடுத்த மாதம் தடி இல்லாமல் வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம் என்கிறார்.

டிசம்பர் 17

சாலை அலுவலகத்திலிருந்து பதிவுத் தபால் 4.20க்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கி மேசையில் வைத்தேன். 4.40க்கு வேலை இருந்தது. 4.45க்குப் பிரித்தேன்.

கடிதத்தில் மூன்று பத்தி. முதல் பத்தி: மேற்படி இடத்தில் பதிக்கப்பட்ட சென்சார் முப்பது நாளில் பதினாறு நாள் பழுதுற்றிருந்ததால் அதன் கணக்கு ஏற்கத்தக்கதல்ல. இரண்டாவது பத்தி: பழுது ஏற்பட்ட அந்தப் பதினாறு நாளிலும் மேற்படி இடத்தில் சாலை விபத்து எதுவும் நிகழவில்லை என்பது விசாரணையில் தெரியவந்துள்ளது. மூன்றாவது பத்தி: ஆகவே மேற்படி இடத்தில் சிக்னல் அமைக்க வேண்டிய தேவை எழவில்லை என்றும், கோப்பு முடிக்கப்பட்டுவிட்டது என்றும் மனுதாரருக்கு இதன்மூலம் தெரிவிக்கப்படுகிறது.